மிடறு

முதலில் மீன் முள் என்றுதான் நினைத்தோம்.
சாளைக் குழம்பு வைத்த ஞாயிறு அது.
வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கினேன்,
வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கினேன்.
ஞானதாஸ் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.
ஒண்ணும் தெரியலையே என்றார்.
அதன்பின் பதினான்கு மாதம்
எங்கள் வீட்டில் சாளை வாங்கவில்லை.

பாவம் சாளை.

குர்லாவில் ஒருவர்
நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்.
செம்பூரில் ஒருவர் கேஸ் என்றார்.
மூன்றாமவர் என்னைப் பார்க்காமல்
ஞானதாஸைப் பார்த்துக் கேட்டார்:
வீட்டில் ஏதும் பிரச்சினையா?

சுனாபட்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவள் நான்.
காசு இழுப்பறை எனக்கு இடப்பக்கம்.
கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினால்
காதடியிலிருந்து தாடை வரைக்கும்
யாரோ கம்பியைக் காய்ச்சி இழுக்கிறார்கள்.
அதனால் இப்போது
நாற்காலியைத்தான் திருப்புகிறேன்.
சாமானோடு பீரோவை நகர்த்துவதுபோல
என்னை நகர்த்துகிறேன்.
ஜல்தி மேடம் ஜல்தி என்கிறது வரிசை.
இல்லை என்று தலையாட்ட முடியாதவளிடம்
யார் யார் என்னென்ன கேட்டு
வாங்கிப் போனார்கள் என்பது தனிக் கணக்கு.
சுலபாவுக்கு மட்டும் மூன்று நைட் ஷிஃப்ட்.

சயான் ஆஸ்பத்திரியில்
ஓபி மூடப்போகும் நேரம்.
கோட்டில் மைக்கறையோடு, இன்னும் படிக்கிற பெண் ஒருத்தி
கையுறை மாட்டி ஒற்றை விரலை
டான்சிலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள்.
நான் போட்ட சத்தத்தில்
வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.
அவள் முகம் மலர்ந்தது.
இங்கேதானே?
இங்கேதான், இங்கேதான்.
தொலைந்த சாவி அகப்பட்ட மாதிரி
இரண்டு பேரும் சிரித்தோம்.
எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

ஸ்கேனில் காட்டினாள்.
காதுக்குக் கீழே தொங்கும் சின்ன எலும்பு.
மற்றவர்களுக்கு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்.
எனக்கு இடப்பக்கம் ஐந்தரை.
ஏதோ பழைய பாஷையில்
எழுதுகிற ஆணி என்று அதற்குப் பெயராம்.
எழுத்தாணி, என்றேன் நான்.
விழுங்கும் ஒவ்வொரு தடவையும்
ஒரு கீறல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

மீனுடைய முள் இல்லை.
என்னுடையது.

ஆபரேஷன் முதலில் ஆகஸ்ட் என்றார்கள்.
பிறகு கணபதி முடியட்டும் என்றார்கள்.
இப்போது தீபாவளி.
ஒரே லீவு லெட்டரில்
தேதியை மட்டும் அடித்து அடித்து
காகிதம் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது.

பதினேழு வருஷமாக
என் இடப்பக்கம் படுத்தவர்
ஒருநாள் ஒன்றும் சொல்லாமல்
தலையணையைத் தூக்கிக்கொண்டு
வலப்பக்கம் வந்துவிட்டார்.
ஃபேன் காற்று அங்கே எட்டாது.
பகலிலும் இப்போது எதிரே வந்து நின்றுதான் பேசுகிறார்.
இதற்குமுன் இப்படி நேருக்கு நேர்
எப்போது நின்றார் என்று யோசித்தேன்.
நான் கழுத்தை நீட்டிய அன்றைக்கு.

வாய்வழியாகவே எடுத்துவிடலாம்,
வெளியே தழும்பே இருக்காது
என்றார் பெரிய டாக்டர், பெருமையாக.
எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.
வெளியே வெட்ட முடியாதா சார்?
ஏன்மா?
சொல்லத் தெரியவில்லை.
பல் பிடுங்கியவருக்கும்
வீட்டில் பிரச்சினையா என்றவருக்கும்
நாடகம் என்று மராத்தியில் முணுமுணுத்த சூப்பர்வைசருக்கும்
காட்ட ஒரு கோடாவது வேண்டாமா?
அவர் சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன், வலப்பக்கமாக.

இன்னும் நாற்பத்தொரு நாள்.
தொண்டைக்கும் மிடறு என்றுதான் பெயர்,
அது விழுங்கும் தண்ணீருக்கும் மிடறு என்றுதான் பெயர்.
எண்ணித்தான் குடிக்கிறேன்.
மாத்திரைக்கு மூன்று,
முழு டம்ளருக்குப் பதினொன்று.

இன்றைக்கு ஒன்பதாவது வலிக்கவில்லை.
என்ன காரணமோ.
பத்தாவதை டம்ளரிலேயே வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.